இறுகிய முகம்

அன்புள்ள ஐயா,

நான் கிழக்கிலங்கையின் மருதமுனையைச் சேர்ந்தவள். ஒன்றரை வருடமாக அம்பாறை, மட்டக்களப்பு மாவட்டங்களில் மனிதர்களின் முகங்களைப் படம்பிடித்து வருகிறேன். எங்கள் ஊர்த் தறிக்காரர்கள், மட்டக்களப்பு நகரத்தில் வாழும் ஐரோப்பிய வழிவந்த பறங்கியர், வாகரைப் பக்கத்து வேடர், படுவான்கரை விவசாயிகள் எனப் பலரை எடுத்திருக்கிறேன். இனம் எதுவானாலும் மனிதர் ஒன்றுதான் என்று காட்ட ஆசை. ஆனால், கேட்டுவிட்டு எடுத்தால் முகம் இறுகிவிடுகிறது. கேட்காமல் எடுத்தவற்றில்தான் உயிர் இருக்கிறது. போன மாதம் தறியில் இருந்த ஒரு மூத்தம்மாவை அவருக்குத் தெரியாமல் எடுத்தேன். என் படங்களில் மிக நல்லது அதுதான். மனம் உறுத்துகிறது. எது சரி?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

அந்த உறுத்தலை விட்டுவிடாதீர்கள்.

முகம் இறுகுவதை ஏன் குறையாக எண்ணுகிறீர்கள்? நம் பகுதியில் அதற்குக் காரணம் இருக்கிறது. போரின்போது சுற்றிவளைப்பில் பிடித்தவர்களை வரிசையாக நடக்கவிட்டு, தலையசைத்து ஆளைக் காட்டிக்கொடுக்கும், முகத்தை மூடிய தலையாட்டிக்கு முன்னால் ஒவ்வொருவராக நிறுத்திய காலம் ஒன்று இருந்தது. சோதனைச் சாவடியில் அடையாள அட்டையையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அதைக் கடந்து வந்தவர்கள் முன்பின் தெரியாத ஒருவர் உற்றுப் பார்த்தால் இறுகத்தான் செய்வார்கள். அந்த இறுக்கத்தையும் எடுங்கள்.

ஜெர்மானியரான ஔகுஸ்ட் சாண்டர் 1914இல் எடுத்த மூன்று இளம் விவசாயிகளின் படத்தைத் தேடிப் பாருங்கள். நடனத்துக்குப் போகும் வழியில், தொப்பியும் கைத்தடியுமாக நின்று கமெராவை நேராகப் பார்க்கிறார்கள். படம் எடுக்கப்படுவது மூவருக்கும் தெரியும். எப்படி நிற்பது என்பதில் அவர்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. நூறு வருடம் கழிந்தும் அந்தக் கண்களை விட்டு என்னால் எளிதில் நகர முடிவதில்லை.

மனிதர் ஒன்று என்ற எண்ணத்தோடு போய்ப் படம் தேடாதீர்கள். இங்கே தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழியில் குடி, அதாவது குலம், பார்க்கிறோம். வீடு மகளுக்குப் போகிறது, மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருகிறார். ஒரு வாசற்படியில் தாயையும் மகளையும் நிறுத்தி எடுத்தாலே இவ்வளவும் அதற்குள் வந்துவிடும். வேடர்களிடம் இன்னும் கவனமாக இருங்கள். அமெரிக்கப் பழங்குடிகளை எடுத்த எட்வர்ட் கர்ட்டிஸ், ஒரு கூடாரத்துக்குள் இரண்டு பேருக்கு நடுவே இருந்த கடிகாரத்தைப் படத்திலிருந்து அழித்துவிட்டார். வாகரையில் தமிழ் பேசி மீன்பிடித்து வாழும் ஒருவரின் கையில் தொலைபேசி இருந்தால், அது இருக்கட்டும்.

இனி அந்த மூத்தம்மா. படத்தைக் கழுவி எடுத்துக்கொண்டு அவரிடம் போங்கள். தெரியாமல் எடுத்ததைச் சொல்லுங்கள். வேண்டாம் என்றால் அந்தப் படம் உங்களுடையதல்ல, எவ்வளவு நல்ல படமாக இருந்தாலும். சம்மதித்தால் கழுவிய படத்தை அவர் கையில் கொடுங்கள்.

இதை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. என் அம்மம்மாவுக்கு இருந்த ஒரே படம் அடையாள அட்டையில் இருந்ததுதான். அவர் இறந்தபின் அதைப் பெரிதாக்கி மாலை போட்டோம். பெரிதாக்கியதில் கண்கள் கலைந்து வெறும் புள்ளிகளாகிவிட்டன. 2004 டிசம்பர் 26 அன்று கடல் உங்கள் ஊருக்குள்ளும் வந்தது. மட்டக்களப்புக் கடலோரத்து நாவலடியில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்திடம் இறந்த பிள்ளையின் ஒரு படம்கூட மிஞ்சவில்லை. அல்பம் வீட்டோடு போய்விட்டது. அந்தத் தாய் அயலவர்களின் கல்யாணப் படங்களைக் கேட்டு வாங்கி, ஓரத்திலாவது பிள்ளை நிற்கிறானா என்று தேடினார். இப்படிப்பட்ட கரையில் ஒருவரின் முகத்தை எடுத்துக்கொண்டு போய்த் திரும்பி வராமல் இருக்கக் கூடாது.

படத்தைக் கொடுக்கும் அன்றே, மூத்தம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டிருக்கும்போது, அவரிடம் கேட்டு இன்னொன்று எடுங்கள். அவர் சம்மதித்தால் இரண்டையும் எனக்கு அனுப்புங்கள்.