ஓவியமே துணியாகும் நெசவு

கேள்வி: சுவரில் தொங்கவிடும் ஓவியத் துணியான டேப்பஸ்ட்ரி என்பதும் பூத்தையல் போட்ட துணி என்பதும் ஒன்றுதானா? பழைய டேப்பஸ்ட்ரிகளில் வரும் உருவங்களுக்கெல்லாம் உள்ளர்த்தம் உண்டு என்கிறார்களே, உண்மையா?

பதில்: இரண்டும் ஒன்றல்ல. பூத்தையலில் துணி முதலிலேயே நெய்யப்பட்டுவிடுகிறது. ஊசியும் நூலும் பிறகுதான் வந்து சேர்கின்றன. டேப்பஸ்ட்ரியில் அப்படித் தனியாக ஒரு துணி கிடையாது. தறியில் நீளவாக்கில் செல்லும் பாவு நூலை இழுத்துக் கட்டியபின், சாதாரண நெசவில் நடப்பதைப் போல குறுக்கே செல்லும் ஊடை நூல் ஒரு கரையிலிருந்து மறு கரைவரை ஓடுவதில்லை. சிவப்பு நூல் சிவப்பு வேண்டிய இடத்துக்குள் மட்டும் போய்த் திரும்ப, அதையடுத்து நீல நூல் தன் எல்லைக்குள் போய்த் திரும்புகிறது. ஊடையை நெருக்கி அடித்து இறக்குவதால் பாவு கண்ணுக்கே தெரியாமல் மறைந்துவிடும். இரண்டு நிறங்கள் பாவின் போக்கிலேயே சந்திக்கும் இடத்தில் சிறு பிளவு விழும். அதைப் பின்னர் தைத்து மூடுவார்கள், அல்லது மெல்லிய நிழற்கோடாகவே விட்டுவிடுவார்கள். பூத்தையலைப் பிரித்தால் துணி மிஞ்சும். இதிலோ ஓவியத்தைப் பிரித்தால் துணியும் சேர்ந்தே போய்விடும்.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு பெயரும் காரணம். நார்மன்கள் 1066-இல் இங்கிலாந்தைக் கைப்பற்றிய கதையைச் சொல்லும், ஏறத்தாழ 70 மீட்டர் நீளமுள்ள ‘பேயோ டேப்பஸ்ட்ரி’ உண்மையில் லினன் துணிமீது கம்பளி நூலால் போட்ட பூத்தையல்தான்.

உள்ளர்த்தம் என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது, பாரிஸின் க்ளூனி அருங்காட்சியகத்தில் உள்ள, 1500-ஆம் ஆண்டையொட்டி நெய்யப்பட்ட ‘சீமாட்டியும் ஒற்றைக்கொம்புக் குதிரையும்’ என்னும் ஆறு துணிகள். சிவப்புப் பின்னணி எங்கும் சிறு பூக்கள் இறைந்து கிடக்கின்றன. பதாகைகளில் காணும் மூன்று பிறைகள், துணிகளை நெய்வித்த லெ வீஸ்த் குடும்பத்தின் சின்னம். ஒன்றில் குதிரை முன்னங்கால்களைச் சீமாட்டியின் மடிமீது வைத்திருக்க, அவள் நீட்டும் கண்ணாடியில் அதன் முகம் தெரிகிறது, அது பார்வை. இசைக்கருவியை வாசிப்பது கேட்டல், கொம்பைப் பற்றுவது தொடுகை என்று ஐந்து புலன்களும் ஐந்து துணிகளில் அமைந்துவிடுகின்றன. ஆறாவதில் ஒரு கூடாரம். அதன்மேல் ‘என் ஒரே விருப்பத்திற்கு’ என்ற பொருள்பட ஒரு வாசகம். அதன் முன்னே சீமாட்டியின் கையில் ஒரு நகை, பக்கத்தில் திறந்த பேழை. அவள் நகையை உள்ளே வைக்கிறாளா, வெளியே எடுக்கிறாளா என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். ஐந்து புலன்களை அடுத்து வருவதாலேயே, அவள் நகையை உள்ளே வைத்துப் புலனின்பங்களைத் துறக்கிறாள் என்றுதான் எனக்குப் படுகிறது.

ஆயினும் கண்ணில் படும் எல்லாவற்றுக்கும் பொருள் தேடக் கூடாது. பல பழைய டேப்பஸ்ட்ரிகளில் இலைகள் நீலமாகத் தெரியும். அது எந்தக் குறியீடும் அல்ல. பச்சை வேண்டுமென்றால் நீலச் சாயத்தின்மேல் மஞ்சள் சாயம் ஏற்றுவார்கள். செடியிலிருந்து எடுத்த அந்த மஞ்சள் ஒளிபட்டு வெளுத்துப்போக, நீலம் மட்டும் நின்றுவிட்டது. ஐரோப்பிய நெசவாளர்கள் பெரும்பாலும் துணியின் பின்புறத்தைப் பார்த்தபடியே நெய்தார்கள். சுவரை ஒட்டி வெளிச்சம் படாமல் இருந்த அந்தப் பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தால், அதே இலைகள் அவர்கள் நெய்தபோது கண்ட பச்சைக்கு மிக நெருக்கமாக இருக்கும்.