தத்துவப் பாட்டும் அனிமேஷனும்: கேள்வி பதில்

கேள்வி (செந்தூல், கோலாலம்பூர்): அண்ணா, புறநானூறு 192, கணியன் பூங்குன்றனாரின் 'யாதும் ஊரே' பாட்டை மூன்று நிமிட அனிமேஷனாக எடுக்கிறோம். முதலடிக்குப் பல இனத்தவரும் கைகோத்து நிற்பதாக வரைந்திருக்கிறோம். சரியா?

பதில்: அதை எடுத்துவிடுங்கள். சுவரொட்டிகளில் பார்த்துச் சலித்த காட்சி. குரல் சொன்னதையே படமும் சொன்னால் இரண்டில் ஒன்று வீண். பாட்டுக்குள் அசையும் காட்சி ஒன்றுதான்: மின்னல், மழை, கல்லில் மோதி இரையும் ஆறு, அதன் போக்கில் போகும் புணை (தெப்பம்). 13 அடியில் ஆறாம் அடியின் கடைசிச் சொல்லில் தொடங்கி ஒன்பதாம் அடியில் முடிகிறது. படம் முழுவதையும் அந்த ஆற்றிலேயே வையுங்கள். முதல் ஐந்து அடிக்குப் புணை கரையில் கட்டிக் கிடக்கட்டும், வானம் கறுத்துவரட்டும்.

கேள்வி (பிரிக்பீல்ட்ஸ்): குரலை முதலில் பதிவதா, படத்தை முதலில் வரைவதா?

பதில்: குரல்தான். கைப்பேசியில் பதிந்த தற்காலிகக் குரல் போதும். அதன்மேல் ஸ்டோரிபோர்டை (காட்சிகளின் கோட்டோவிய வரிசை) அடுக்கி அனிமேட்டிக், அதாவது குரலோடு ஓடும் முன்மாதிரிப் படம், செய்யுங்கள். அது சரியாக ஓடாமல் வரையத் தொடங்காதீர்கள். நிதானமாகச் சொன்னால் பாட்டு ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் வரும். மிச்சமெல்லாம் ஆற்றுக்கு.

பலரும் கோட்டைவிடுவது அடிமுடிவில். 'சாதலும் புதுவது அன்றே, வாழ்தல்' என்று நான்காம் அடி நிற்கிறது. அந்த 'வாழ்தல்' அடுத்த அடியின் 'இனிதென மகிழ்ந்தன்றும் இலமே'யோடு போக வேண்டியது. பள்ளிப் போட்டியில் ஒப்பிப்பதுபோல் அடிக்கு அடி நிறுத்தி, அங்கேயே ஷாட்டையும் வெட்டினால் வாழ்தலும் புதுவதன்று என்று காதில் விழும். ஆறாம் அடிக் கடைசியில் 'மின்னொடு' நிற்பதும் இப்படித்தான்: ஷாட் மாற வேண்டியது அந்தச் சொல்லுக்கு முன்னால், பின்னால் அல்ல. ஒன்பதாம் அடியில் 'நீர்வழிப் படூஉம்' (நீரின் வழியே போகும்) என்று குரல் நீளும்போது மட்டும் வெட்டவே வேண்டாம். புணை போய்க்கொண்டே இருக்கட்டும்.

கேள்வி (ஆயர் ஈத்தாம், பினாங்கு): புணையை அசைத்துப் பார்த்தோம். யாரோ ஓட்டுவது போலவே தெரிகிறது. எங்கே தப்பு?

பதில்: வரிசையில். முதலில் நீர் வளைய வேண்டும். 4 முதல் 6 ஃபிரேம் (விநாடிக்கு 24) கழித்துத்தான் புணை திரும்ப வேண்டும். இரண்டும் ஒரே ஃபிரேமில் திரும்பினாலோ, புணை முந்தினாலோ, அதற்குச் சொந்த புத்தி இருப்பதாகக் கண் எடுத்துக்கொள்ளும். அதோடு, நீர்வழிப் போகும் புணைபோல உயிர் முறைவழிப் போகிறது என்ற பாட்டின் கருத்தே கவிழ்ந்துவிடும். பாறையில் இடிக்கும்போது முழுப் புணையையும் நிறுத்தாதீர்கள்: முன்முனை சிக்கி நிற்கும், பின்முனை ஓட்டத்தோடு சுழன்று முன்னே வரும், பிறகு பின்பக்கமாகவே மிதந்து போகும். மேலே ஆள் இருந்தால் கையில் கழி கொடுக்காதீர்கள். மென்பொருள் தானாகப் போடும் ஈஸ்-இன், ஈஸ்-அவுட்டையும் (மெதுவாகத் தொடங்கி மெதுவாக நிற்கும் அசைவு) எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு கீஃபிரேமிலும் (நீங்கள் குறித்துவைத்த நிலை) புணை தயங்கித் தயங்கிப் போவதற்கு அதுவும் காரணம்.

கேள்வி (ரவாங்): மூன்று பேர் இருக்கிறோம். எத்தனை படம் வரைய வேண்டும்?

பதில்: விநாடிக்கு 24 ஃபிரேம், ஒரு படத்தை இரண்டு ஃபிரேமுக்கு வைத்தால் 12 படம். 180 விநாடிக்கு 2,160. ஆளுக்கு நாளைக்கு 15 முடித்தாலும் 48 முழு நாள். வேலைக்குப் போய்க்கொண்டு செய்கிறவர்களுக்கு இது கட்டாது. முழு அசைவை 60 விநாடிக்குள் அடக்கினால் 720 படம், 16 நாள். மற்ற இடங்களில் பின்னணியை நகர்த்தி, மழையைச் சுழற்சியில் விடுங்கள். ஒரே 8 படச் சுழற்சி என்றால் கண் சீக்கிரம் கண்டுபிடித்துவிடும். ஒரு லேயருக்கு (ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் அடுக்கு) 8 படம், இன்னொன்றுக்கு 11 என்று வைத்தால் 88 படத்துக்கு ஒரு முறைதான் இரண்டும் பழையபடி சேரும். மென்பொருளுக்கு கிரிட்டா, ஓப்பன்டூன்ஸ், பிளெண்டர் மூன்றும் இலவசம்.

கேள்வி (செத்தாபாக்): கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடும் மஸ்ஜித் ஜாமேக் பள்ளிவாசல் முனையில் கதையை வைக்கலாமா?

பதில்: முடிவை வைக்கலாம், தொடக்கத்தை வேண்டாம். அங்கே இருபக்கமும் கான்கிரீட் கரை. 'கல்பொருது' (கல்லில் மோதி) என்பதற்குப் பாறையும் இல்லை, இரைச்சலும் இல்லை. ஆற்றின் மேற்பகுதியான உலு கோம்பாக் பாறைகளில் தொடங்கிக் கீழே இறங்குங்கள். கோலாலம்பூரின் சாயங்கால இடிமழை பாட்டுக்கு அப்படியே பொருந்தும். நீரை மட்டும் நீலமாகப் பூசிவிடாதீர்கள். மழைக்குப் பிறகு தே தாரேக் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) நிறம்தான்.

கேள்வி (பட்டர்வொர்த்): கண்ணதாசன் பாடல்களில் ஒன்றை எடுத்தால்?

பதில்: அனுமதி வாங்குங்கள். அவர் மறைந்தது 1981. காப்புரிமை மலேசியாவில் மறைவுக்குப் பின் 50 ஆண்டு, இந்தியாவில் 60. அதாவது இங்கே 2031 முடிய, அங்கே 2041 முடிய. யூடியூப்பில் ஏற்றினால் இந்தியாவிலும் பார்ப்பார்கள், அதனால் நீண்ட கணக்கையே பாருங்கள். பழம்பாட்டு என்றாலும் பிறர் செய்த மொழிபெயர்ப்பை சப்டைட்டிலில் போட்டால் அதற்குத் தனி உரிமை உண்டு. மண்டபத்தில் பொதுவாகத் திரையிடத் தணிக்கை வாரியத்தின் ஒப்புதலும் வேண்டும்.

கேள்வி (சுங்கை பூலோ): முதல் முயற்சிக்கு 13 அடி அதிகம். சின்னதாக ஏதாவது?

பதில்: குறள் 338. முட்டைக்கூடு தனியே கிடக்கப் பறவை பறந்துபோவதுதான் உடம்புக்கும் உயிருக்கும் உள்ள நட்பு என்பது பொருள். குரல் 7, 8 விநாடி. படம் 20 விநாடிக்கு மேல் வேண்டாம். பிணமோ அழுகிற முகமோ ஒன்றும் வரையாதீர்கள். பறவை திரைச் சட்டத்தைவிட்டுப் போன பிறகு முட்டைக்கூட்டை 48 ஃபிரேம் அசையாமல் வையுங்கள். கேமராவைப் பறவை பின்னால் கொண்டுபோனால் குறள் போய்விடும்.