கைனேஸ் படித்தால் சோறு கிடைக்குமா?

ஐயா, சனிக்கிழமை மகளோடு வந்தபோது நீங்கள் அதிகம் பேசவில்லை. கிளம்பும்போதுதான், செருப்பை மாட்டிக்கொண்டே, “ராத்திரியெல்லாம் கைனேஸ் கைனேஸ்னு உக்காந்திருக்கா, அதுல சோறு கிடைக்குமா சார்?” என்று கேட்டீர்கள். வாசலில் நின்று பதில் சொல்லிவிடக்கூடிய கேள்வியா அது? அதனால் எழுதுகிறேன்.

மோட்டாருக்குக் காயில் கட்டுகிற உங்களுக்கு அவள் படிப்பு எளிதில் பிடிபடும். கைனேஸ் என்பது செல்லுக்குள் இருக்கும் ஒருவகை நொதி. செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி என்ற மூலக்கூறிலிருந்து ஒரு பாஸ்பேட்டைப் பிடுங்கி இன்னொரு புரதத்தில் ஒட்டும். பல புரதங்களுக்கு அதுதான் ஆன் சுவிட்ச். பாஸ்பேட்டைக் கழற்ற வேறு நொதிகள் உண்டு. மனித உடலில் இப்படி 500-க்கும் மேற்பட்ட கைனேஸ்கள் இருக்கின்றன.

அவள் நோட்டில் வரைந்து காட்டியது அவற்றில் ஒன்றான ஏபிஎல். 9-ஆம், 22-ஆம் குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறி ஒட்டும்போது அது பிசிஆர் என்ற புரதத்தோடு சேர்ந்துவிடுகிறது. ஸ்டார்ட்டரில் காண்டாக்ட் ஒட்டிக்கொண்டால் ஸ்டாப் பட்டனை எத்தனை முறை அமுக்கினாலும் மோட்டார் நிற்காதே, அந்தக் கதைதான். செல் பெருகிக்கொண்டே போய் சிஎம்எல் என்ற ரத்தப் புற்றுநோய் வருகிறது. 2001-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இமாட்டினிப் மாத்திரை, ஏபிஎல்லில் ஏடிபி உட்காரும் குழியில் தான் போய் உட்கார்ந்துகொள்ளும். 315-ஆம் இடத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறினால் மாத்திரை பலிக்காது என்பதை நான் கேட்காமலே சொன்னாள். மனப்பாடப் பிள்ளைகள் அப்படிப் பேசமாட்டார்கள்.

இனி சோறு. பி.எஸ்சி. பயோகெமிஸ்ட்ரியோடு நின்றால் கஷ்டம், மறைக்கவில்லை. எம்.எஸ்சி. வேண்டும், அதுவும் நல்ல இடத்தில். எம்.எஸ்சி. நுழைவுத் தேர்வான ஜாம் எழுதினால் ஐஐடிகளில் இடம் பிடிக்கலாம். லட்சங்களில் டொனேஷன் கேட்கும் கல்லூரிக்கு அவசரப்பட்டு முன்பணம் கட்டிவிடாதீர்கள். பிறகு நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு எழுதி ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால், ஆராய்ச்சி செய்யும்போதே மாதம் 37,000 ரூபாய். ஆனால் பிஎச்.டி. ஐந்தாறு வருடம் இழுக்கும். சொந்தக்காரர்கள் கல்யாணப் பேச்சை எடுப்பார்கள், அதற்கும் தயாராக இருங்கள்.

பிஎச்.டி. வேண்டாம் என்றால் மருந்து கம்பெனி ஆராய்ச்சிக்கூடங்கள் உண்டு. பலர் யோசிக்காத வழி காப்புரிமை. இதே இமாட்டினிப்பின் ஒரு படிக வடிவத்துக்குக் காப்புரிமை கேட்டு நோவார்ட்டிஸ் என்ற மருந்து கம்பெனி 1998-இல் விண்ணப்பித்தது நம் சென்னை காப்புரிமை அலுவலகத்தில்தான். 2006-இல் அங்கேயே நிராகரித்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2013 ஏப்ரல் 1-ஆம் தேதி கம்பெனி தோற்றது. அப்போது மாதம் லட்சத்துக்கு மேல் ஆன மருந்துக்கு, பத்தாயிரத்துக்குள் கிடைத்த இந்திய மாத்திரை நிலைத்தது. ஒரு படிக வடிவம் உண்மையிலேயே புதிய கண்டுபிடிப்புதானா என்று அலச, அறிவியல் தெரிந்த ஆள் வேண்டும். அறிவியல் பட்டமும் 21 வயதும் இருந்தால், பிறருக்காகக் காப்புரிமை விண்ணப்பங்களைக் கையாளும் காப்புரிமை முகவர் ஆவதற்கான தேர்வு எழுதலாம். வருடந்தோறும் ஒழுங்காக நடத்தமாட்டார்கள் என்பதுதான் ஒரே தலைவலி.

உங்கள் அண்ணன் சொன்ன பி.எட். எங்கும் ஓடிப்போகாது, இப்போது அதை எடுக்க வேண்டாம். ஜாம் விண்ணப்பம் பெரும்பாலும் செப்டம்பரில் திறக்கும். அதற்குள் ஒரு நாள் மதிப்பெண் பட்டியலோடு வாருங்கள், கெமிஸ்ட்ரி மார்க்கைத்தான் பார்க்க வேண்டும். அந்த நோட்டையும் கொண்டுவரச் சொல்லுங்கள்.