பிராக்டிஸ் முடிஞ்சு ரெண்டு நாளா உடம்பு தேறலையா? விளையாடுற பொண்ணுங்க கேட்ட கேள்விகள்

வந்த கேள்விகள்ல நிறைய பேர் எந்த பவுடர் வாங்கலாம்னுதான் கேட்டிருக்கீங்க. நான் முதல்ல திருப்பி கேக்குறது ஒண்ணுதான், நேத்து காலைலேருந்து ராத்திரி வரைக்கும் என்னென்ன சாப்பிட்டீங்க? ரிக்கவரி ஆகலன்னு வர்ற பொண்ணுங்கள்ல பல பேருக்கு சாப்பாடே பத்தலங்கிறதுதான் பிரச்சினையா இருக்கு.

கேள்வி: பயிற்சி முடிஞ்ச 30 நிமிஷத்துக்குள்ள புரோட்டீன் எடுக்கலன்னா எல்லாம் வேஸ்ட்டுன்னு சொல்றாங்க. எனக்கு வீடு வந்து சேரவே ஒன்றரை மணி நேரம் ஆகுது. எடை 55 கிலோ.

வேஸ்ட்லாம் ஆகாது, பயப்படாதீங்க. ஒரு கடுமையான வொர்க்அவுட்டுக்கு அப்புறம் தசை தன்னை ரிப்பேர் பண்ணிக்கிற வேலை 24 மணி நேரமாவது நடக்கும், அரை மணி நேரத்துல கதவு சாத்திக்கிற கதை இல்ல இது. முழு நாளோட கணக்குதான் முக்கியம். கிலோவுக்கு 1.4லேருந்து 2 கிராம் வரைக்கும் புரோட்டீன், அதாவது உங்களுக்கு 77லேருந்து 110 கிராம். அதை ராத்திரி ஒரே வேளைல கொட்டாம, 3-4 மணி நேரத்துக்கு ஒரு தடவை 20 கிராம் மாதிரி பிரிச்சு எடுங்க. மூணு முட்டைல கிட்டத்தட்ட 18 கிராம் வரும், ஒரு பெரிய கிளாஸ் பால்ல 8 கிராம். ஆனா காலைல வெறும் வயித்துல போய் ஓடிட்டு வர்றவங்க லேட் பண்ணாதீங்க, முடிஞ்ச உடனே சாப்பிடுங்க.

இன்னொண்ணு, யாருமே இதை கேக்க மாட்டேங்குறீங்க, ஆனா சொல்லியே ஆகணும். சாயங்காலம் மறுபடியும் செஷன் இருக்குன்னா புரோட்டீனை விட மாவுச்சத்துதான் அவசரம், ஏன்னா தசைல சேமிச்சு வெச்சிருக்குற மாவுச்சத்து, அதாவது கிளைகோஜன், காலியாகி இருக்கும், அது நிரம்பலன்னா ரெண்டாவது செஷன்ல காலே தூக்க வராது. அந்த மாதிரி நாள்ல முதல் நாலு மணி நேரத்துக்கு, மணிக்கு கிலோவுக்கு 1லேருந்து 1.2 கிராம் வரைக்கும், உங்க 55 கிலோ எடைக்கு மணிக்கு 55-66 கிராம். ரெண்டு நடுத்தர வாழைப்பழமே 50 கிராமுக்கு மேல குடுத்துடும். குண்டாயிடுவேன்னு பயந்து மாவுச்சத்தையே ஒதுக்குற பொண்ணுங்களைப் பார்த்தா எனக்கு உண்மையிலேயே மனசு கஷ்டமா இருக்கு.

கேள்வி: என் பொண்ணுக்கு 17 வயசு, லாங் டிஸ்டன்ஸ் ஓடுறா. நாலு மாசமா பீரியட்ஸ் வரல. நல்லா ட்ரெயினிங் பண்ணா அப்படித்தான் இருக்கும்னு கோச் சொல்றார். விட்டுடலாமா?

விடாதீங்கம்மா. இது நார்மல் இல்ல. மூணு மாசத்துக்கு மேல நின்னுபோச்சுன்னாலே டாக்டரைப் பார்க்கணும், தைராய்டு, பிசிஓஎஸ்னு வேற காரணம் இருக்கான்னு அவங்க பார்ப்பாங்க. அதெல்லாம் இல்லன்னா பெரும்பாலும் உடம்புக்கு எரிபொருள் பத்தலன்னுதான் அர்த்தம். இதுக்கு ரெட்-எஸ்னு (RED-S, விளையாடுறவங்களுக்கு ஏற்படுற ஆற்றல் பற்றாக்குறை) பேர், சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியே 2014ல இந்தப் பேரை வெச்சு எச்சரிக்கை குடுத்தது.

கணக்கு எப்படின்னு சொல்றேன். பொண்ணோட எடைல கொழுப்பை கழிச்சது 40 கிலோன்னு வெச்சுக்கோங்க. ஒரு நாள்ல 1,700 கலோரி சாப்பிடுறா, பார்த்தா நல்லாத்தானே சாப்பிடுறான்னு தோணும். ஆனா ஓட்டத்துலயே 600 போயிடுது, மிச்சம் 1,100. அதை 40ஆல வகுத்தா கிலோவுக்கு 27 கலோரி சொச்சம். இது 45 பக்கம் இருந்தா நல்லது, 30க்கு கீழ ரொம்ப நாள் இருந்தா உடம்பு மிச்சம் பிடிக்க ஆரம்பிச்சுடும், முதல்ல பீரியட்ஸை நிறுத்தும், தசை ரிப்பேரைக் குறைக்கும், எலும்பும் பலம் இழக்கும். 30ங்கிறது எல்லாருக்கும் ஒரே மாதிரி கோடு இல்ல, சில பேருக்கு அதுக்கு மேலயே பாதிப்பு வரும். எலும்பு பலம் சேர்றதுல பெரும்பகுதி இந்த வயசுலதான், இப்போ ஈஸ்ட்ரோஜன்ங்கிற பெண் ஹார்மோன் குறைஞ்சா ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர்ல, அதாவது எலும்புல விழுற சின்ன விரிசல்ல, கொண்டு போய் விடும்.

ஹார்மோன் மாத்திரை போட்டா ரத்தப்போக்கு வரும், ஆனா அதை வெச்சு சரியாயிடுச்சுன்னு நினைச்சுடாதீங்க, காரணம் அப்படியேதான் இருக்கும். சாப்பாட்டைக் கூட்டணும், கொஞ்ச நாள் ட்ரெயினிங்கைக் குறைக்கணும். அவளைத் திட்டாதீங்க, சாப்பிட பயப்படுறாளான்னு பக்கத்துல உக்காந்து மெதுவா கேளுங்க.

கேள்வி: ஸ்குவாட் போட்டு ரெண்டு நாள் கழிச்சு படி இறங்க முடியல. லாக்டிக் ஆசிட் தேங்கி இருக்கா?

இல்ல. லாக்டேட் ஒரு மணி நேரம் அப்படி இப்படி போனா பழைய அளவுக்கு வந்துடும். இது தசை நார்கள்ல ஏற்படுற சின்னச் சின்ன சேதமும் அதோட சேர்ந்து வர்ற வீக்கமும், 24லேருந்து 72 மணி நேரத்துல உச்சத்துல இருக்கும், தானா குறையும். லேசா நடங்க, நல்லா தூங்குங்க, வலி மாத்திரையைப் பழக்கமாக்காதீங்க. ஆனா வலி தாங்க முடியாம, யூரின் கோலா கலர்ல போச்சுன்னா வீட்ல உக்காந்திருக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரி. தசை உடைஞ்சு ரத்தத்துல கலந்து கிட்னியைப் பாதிக்கலாம்.

கேள்வி: ஹீமோகுளோபின் நார்மல்தான், ஆனா எப்பவும் களைப்பு, பழைய ஸ்பீடு வரல.

ஃபெரிட்டின், அதாவது உடம்புல இரும்புச்சத்து சேமிப்பு எவ்ளோ இருக்குன்னு காட்டுற ரத்த டெஸ்ட், பார்த்தீங்களா? ஹீமோகுளோபின் குறையுறதுக்கு முன்னாடியே இரும்புச்சத்தோட சேமிப்பு காலியாகும், பீரியட்ஸ்ல ரத்தம் போற நமக்கு இது சகஜம். டெஸ்ட்டை கடுமையான செஷனுக்கு மறுநாள் எடுக்காதீங்க, தசை வீக்கத்துல ஃபெரிட்டின் பொய்யா ஏறிக் காட்டும். இன்னொரு விஷயம், பயிற்சி முடிஞ்சு 3லேருந்து 6 மணி நேரத்துல ஹெப்சிடின்னு ஒரு ஹார்மோன் ஏறும், அப்போ குடல் இரும்பை சரியா உறிஞ்சாது, அதனால டாக்டர் மாத்திரை குடுத்தா காலைல, பயிற்சிக்கு முன்னாடியோ முடிஞ்ச கையோடவோ போடுங்க. வைட்டமின் சி இருக்குற பழத்தோட எடுங்க, டீ காபியைத் தள்ளி வைங்க. டெஸ்ட் பண்ணாம நீங்களா மாத்திரை ஆரம்பிக்காதீங்க, அளவு கூடினாலும் ஆபத்துதான்.

கேள்வி: கிரியேட்டின் எடுத்தா ஆம்பளை மாதிரி ஆயிடுவேனா?

மாட்டீங்க. அது ஹார்மோன் இல்ல, தசைக்கு சட்டுனு சக்தி குடுக்க உதவுற ஒரு பொருள். கிரியேட்டின் மோனோஹைட்ரேட்ங்கிற வகை தினம் 3-5 கிராம் போதும், தசைல தண்ணி கொஞ்சம் சேர்றதால எடை ஒரு கிலோ கூடலாம், அது கொழுப்பு இல்ல. கிட்னி பிரச்சினை இருந்தாலோ கர்ப்பமா இருந்தாலோ டாக்டரைக் கேக்காம தொடாதீங்க. போட்டில கலந்துக்கிறவங்க, தடைசெய்யப்பட்ட மருந்து கலப்பு இல்லன்னு தனியா டெஸ்ட் பண்ணி சர்டிஃபிகேட் வாங்கின டப்பாவா பார்த்து வாங்குங்க.

கேள்வி: பிராக்டிஸ் முடியவே ராத்திரி 9 மணி ஆயிடுது. அதுக்கப்புறம் சாப்பிட்டா வெயிட் போடுமேன்னு தண்ணி குடிச்சுட்டு படுத்துடுறேன்.

தயவுசெஞ்சு இதை இன்னைக்கே நிறுத்துங்க. தூங்குற நேரத்துலயும் தசை ரிப்பேர் ஆகணும், அதுக்கு வேண்டிய பொருளே உள்ள இல்லன்னா எதை வெச்சு கட்டும்? ராத்திரி 9 மணிங்கிறதுக்காக தனியா கொழுப்பு ஏறாது, உங்களுக்கு அது பயிற்சிக்குப் பிந்தின சாப்பாடு, அவ்ளோதான். முழு சாப்பாடு இறங்கலன்னா பாலோ தயிரோ, கூட ஒரு பழம், ரெண்டு முட்டை எடுத்துக்கோங்க. வியர்வைல போன தண்ணியையும் சேர்த்துப் பாருங்க, பயிற்சிக்கு முன்னாடி பின்னாடி எடை பார்த்து, குறைஞ்ச ஒவ்வொரு கிலோவுக்கும் ஒண்ணேகால்லேருந்து ஒன்றரை லிட்டர், அதையும் மடமடன்னு ஒரே மூச்சுல குடிக்காம உப்பு சேர்ந்த சாப்பாட்டோட கொஞ்சம் கொஞ்சமா. ரெண்டு வாரம் இப்படி சாப்பிட்டுப் பார்த்துட்டு, காலைல எழுந்திரிக்கும்போது கால் எப்படி இருக்குன்னு எனக்கு எழுதுங்க.