180 மி.மீ. ட்ராவல் ஃப்ரீரைடு சைக்கிள்: முதல் ஓட்டம் பற்றிக் கேட்டவர்களுக்குப் பதில்கள்

மலைச் சரிவில் இறங்குவதற்கான இந்த ஃப்ரீரைடு வண்டி கைக்கு வந்து இரண்டு நாள் ஆகிறது. முன்னும் பின்னும் 180 மி.மீ. ட்ராவல் (சஸ்பென்ஷன் அமுங்கும் தூரம்), பின்னால் ஸ்பிரிங் வைத்த காயில் ஷாக், ஹெட் ஆங்கிள் (முன் ஃபோர்க்கின் சாய்வு) 63 டிகிரி, முன் சக்கரம் 29 அங்குலம், பின் சக்கரம் 27.5. பாறையும் வேருமான ஒரே இறக்கத்தில் பதினோரு முறை இறங்கிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

முதல் தடவை இறங்கினப்போ எப்படி இருந்தது அண்ணா?

பிடிக்கவே இல்லை தம்பி. மெதுவாகப் போகும்போது முன் சக்கரம் எங்கோ தூரத்தில் கிடப்பது போல இருந்தது. குறுகிய வளைவில் வண்டி யோசித்து யோசித்துத்தான் திரும்பியது. அதுகூடப் பரவாயில்லை. இடுப்பு உயரப் பாறையிலிருந்து குதித்தபோது, தரையைத் தொட்ட மறு நொடியே பின்பக்கம் என்னைத் தூக்கி எறியப் பார்த்தது. சீட் தொடையில் அடித்தது, நெஞ்சு ஹேண்டில்பாருக்கு மேலே போய்விட்டது. எப்படியோ விழாமல் நின்றேன்.

ஓரமாக உட்கார்ந்து ஷாக்கின் ரீபவுண்ட் குமிழை (அமுங்கிய ஷாக் விரியும் வேகத்தைக் கட்டுப்படுத்துவது) திருகிப் பார்த்தால், முழுக்கத் திறந்து கிடக்கிறது. அமுங்கிய ஸ்பிரிங் தடையே இல்லாமல் விரிந்திருக்கிறது. ஆறு கிளிக் மூடிவிட்டு மேலே ஏறி, அதே பாறையில் மறுபடி குதித்தேன். இந்தத் தடவை வண்டி நன்றாக உட்கார்ந்து, நிதானமாக எழுந்தது. வேகமும் கொஞ்சம் கூடியதும், மெதுவாகப் போகையில் சோம்பேறியாகத் தெரிந்த அதே வண்டி கோடு போட்டது போல நேராக இறங்கியது. அதற்காக ரீபவுண்டை ஒரேயடியாக மூடிவிடாதீர்கள். அடுத்தடுத்து வேர்கள் வந்தால் ஷாக்குக்கு விரிய நேரம் கிடைக்காது, அமுங்கியபடியே போய் வண்டி கட்டை மாதிரி ஆகிவிடும்.

சேக் எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்? காயில் ஷாக்கில் எப்படி அளப்பது?

சேக் என்றால் நாம் ஏறி நின்றாலே நம் எடையில் சஸ்பென்ஷன் அமுங்கும் அளவு. பின்னால் 30 சதவீதம், முன்னால் 20-ஐ ஒட்டி. என் ஷாக்கின் ஸ்ட்ரோக் (ஷாக் அமுங்கக்கூடிய மொத்த நீளம்) 65 மி.மீ., அப்படியானால் நான் ஏறி நிற்கும்போது 19, 20 மி.மீ. அமுங்க வேண்டும். ஹெல்மெட், முழங்கால் கவசம், தண்ணீர்ப் பை எல்லாம் போட்டுக்கொண்டு பெடல் மேல் நின்றேன். நண்பர் ஒருவர் ஷாக்கின் ஒரு போல்ட்டிலிருந்து மறு போல்ட் வரை டேப் பிடித்து அளந்தார்.

23 மி.மீ. அமுங்கியது, அதாவது 35 சதவீதம். ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கும் ப்ரீலோட் வளையத்தை இறுக்கிச் சமாளிக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது இரண்டு சுற்றுக்கு மேல் கேட்டால் ஸ்பிரிங்கே பொருந்தவில்லை என்று அர்த்தம். 450 பவுண்டு ஸ்பிரிங்கைக் கழற்றி, இன்னும் விறைப்பான 500 போட்டதும் 20 மி.மீ. சொச்சத்துக்கு வந்துவிட்டது.

ஏற்றத்தில் மிதிக்க முடியுமா சார்?

முடியும், அவசரம் இல்லாமல். ஷாக்கில் உள்ள லீவரைப் போட்டால் ஆட்டம் குறையும். எடை குறையாது!

என்னிடம் 150 மி.மீ. ட்ரெயில் வண்டி இருக்கிறது. இதற்கு மாறலாமா?

உங்கள் பாதையில் அந்த 150 முழுவதும் எத்தனை முறை செலவாகிறது என்று முதலில் பாருங்கள். ஃபோர்க் அமுங்கும்போது மேலே தள்ளப்படும் ரப்பர் வளையமே காட்டிவிடும். எப்போதாவதுதான் மேலே தொடுகிறது என்றால் மாற வேண்டாம். சமதளப் பாதையில் இந்த வண்டி நம் சக்தியை விழுங்குமே தவிர வேகம் தராது. பெரிய குதிப்புகளும் செங்குத்தான பாறைச் சரிவும் வாரந்தோறும் இருக்கிறது என்றால் தயங்காதீர்கள்.

டவுன்ஹில் வண்டியும் இதுவும் ஒன்றுதானே?

இல்லைங்க. டவுன்ஹில் என்பது கடிகாரத்தோடு போட்டி, 200 மி.மீ. ட்ராவலும் இரட்டை கிரௌன் ஃபோர்க்கும் (மேலே இரண்டு பிடிப்புகளால் இணைத்தது) அங்கே வழக்கம். ஃப்ரீரைடில் எந்த வழியாக இறங்குகிறோம், என்ன செய்துகொண்டு இறங்குகிறோம் என்பதுதான் விஷயம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மலைகளில் வளர்ந்த பாணி இது. 2001-இல் அமெரிக்காவின் யூட்டா பாலைவனத்தில் ரெட் புல் ராம்பேஜ் என்ற ஃப்ரீரைடு போட்டி தொடங்கியதும் உலகமே திரும்பிப் பார்த்தது. என் வண்டியில் ஒற்றை கிரௌன்தான். ஹேண்டில்பாரை இன்னும் அதிகமாகத் திருப்ப முடிகிறது, ஏற்றத்திலும் அது உதவுகிறது.

டயரில் எவ்வளவு காற்று?

ட்யூப்லெஸ், தடித்த கேசிங் (டயரின் உடல்). முன்னால் 23, பின்னால் 26 பிஎஸ்ஐ. நான் கொஞ்சம் கனமான ஆள், இந்த எண்ணை அப்படியே எடுக்க வேண்டாம்.

புது வண்டி, முதல் நாள் வேறு ஏதாவது கவனிக்கணுமா?

பிரேக்கைப் பழக்குங்கள். சமதளத்தில் வேகமெடுத்து, முழுக்க நிற்காமல் இருபது தடவையாவது இறுக்கி வேகத்தைக் குறையுங்கள், அப்புறம்தான் பிரேக் பேட் சரியாகப் பிடிக்கும். அடுத்தது போல்ட். மூன்றாவது இறக்கத்தில் பெடலுக்குப் பின்னால் டக் டக் என்று சத்தம் கேட்டது. பின் சஸ்பென்ஷன் இணைப்பில் ஒரு போல்ட் கால் சுற்று தளர்ந்திருந்தது. இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சை எடுத்து, போல்ட் பக்கத்தில் அச்சிட்டிருந்த அளவுக்கு இறுக்கினேன். அதன்பிறகு சத்தம் இல்லை.