5 வயது மகளுக்கு எழுத்து எல்லாம் தெரிகிறது, ஆனால் சேர்த்து வாசிக்க வரவில்லை. விளையாட்டாக ஒலிகளைப் பழக்குவது எப்படி?

எழுத்தைக் காட்டினால் பெயர் சொல்கிறாள், 'பால்' என்று எழுதிக் காட்டினால் விழிக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், சுற்றியுள்ள தோட்டத்துப் பிள்ளைகளும் டவுன் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் பாலர் பள்ளி ஒன்றில் நான் ஆசிரியை. இப்படி வரும் பிள்ளைகள் நிறைய. கண்ணுக்கு எழுத்து பழகிவிட்டது, காதுக்கு ஒலி பழகவில்லை, அவ்வளவுதான். கொஞ்ச நாளைக்கு நோட்டையும் பென்சிலையும் எடுத்து வைத்துவிடுங்கள்.

நான் சொல்லின் கடைசி ஒலியில்தான் தொடங்குவேன். ம, ல என்று சொன்னாலே மெய்யோடு 'அ' ஒட்டிக்கொண்டு வரும். பால், மீன், மரம் போன்ற சொற்களின் முடிவில்தான் மெய் தனியாகக் காதில் விழும். ஆனால் வீட்டில் நாம் பாலு, கல்லு, மீனு என்றல்லவா பேசுகிறோம்? அதையே விளையாட்டாக்குங்கள். நீங்கள் "பாலு" என்றால், அவள் இரண்டு விரலைக் கத்தரிக்கோலாக்கி வாலை வெட்டி, "பால்ல்ல்" என்று இழுக்க வேண்டும். நாக்கு எங்கே ஒட்டியிருக்கிறது என்று கேளுங்கள், அவளே தொட்டுப் பார்த்துச் சொல்வாள்.

அது பிடிபட்டதும் காலி மைலோ டின் ஒன்றை நடுவில் வையுங்கள். 'ல்' என்று முடியும் சொல் வந்தால் ஒரு ரப்பர் கொட்டையை உள்ளே போட வேண்டும். கால், டங். வேல், டங். பல், டங். திடீரென்று "மீன்" என்பேன். ஓங்கிய கை அப்படியே நின்றுவிடும். "டீச்சர், இது ல் இல்ல!" அந்தப் பிள்ளைக்கு ஒலி பிரிந்து கேட்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். (பச்சை ரப்பர் கொட்டை நஞ்சு. வாயில் வைக்கும் வயதில் தம்பி தங்கை இருந்தால் பெரிய சட்டை பட்டன், போத்தல் மூடிகூட வேண்டாம், அவர்கள் வாய்க்குள் போகாத அளவு பெரிய பொருளாக எடுங்கள்.)

க், ச், ட், த், ப் நம் சொற்களின் கடைசியில் வருவதில்லை. அவற்றுக்கு அக்கா, பூச்சி, பாட்டி, தாத்தா, பாப்பா. நடுவில் மூச்சைப் பிடித்து நிறுத்தி, "அக்... கா" என்று சொல்ல வையுங்கள்.

மூக்கைப் பிடித்துக்கொண்டு 'ம்', 'ன்' சொல்லச் சொல்லுங்கள், வராது. 'ல்' வரும். மெல்லினம் மூக்கொலி என்பது இலக்கணப் பாடம் இல்லாமலே பிள்ளைக்குப் புரிந்துவிடும்.

குறில் நெடிலுக்குத் தரையில் சாக்பீஸால் கட்டம் போடுங்கள். குறிலுக்கு ஒரு கட்டம், நெடிலுக்கு இரண்டு கட்டம் தாண்ட வேண்டும்: கல், கால். படம், பாடம். முடி, மூடி. நெடிலுக்கு 2 மாத்திரை என்பதைக் கால் கற்றுக்கொள்ளும். வாசிக்கும்போது துணைக்காலை விட்டுவிடும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

இதன்பிறகு எழுத்தட்டையைக் கொடுங்கள். முதலில் ப், ஆ, ல் போன்ற சில எழுத்துகள் போதும். கொம்பு வரும் கெ, கே, கொ, கோ கடைசியில் வரட்டும். அங்கே கண்ணில் படுவது கொம்பு முதலில், காதில் விழுவது 'க்' முதலில். பிள்ளை குழம்புவது நியாயமே.

மலாயும் ஆங்கிலமும் எப்போது என்று பலர் கேட்கிறார்கள். தமிழில் ஒலி பிரிக்கத் தெரிந்த காது மற்ற மொழிகளுக்கும் உதவும், அவசரப்பட வேண்டாம். ஒன்றை மட்டும் முன்பே சொல்லி வையுங்கள்: ஒரே 'C' எழுத்துதான், மலாய் 'சவானி'ல் (cawan, கோப்பை) 'பச்சை'யில் வரும் ச் ஒலி, ஆங்கிலக் 'கப்'பில் (cup) க் ஒலி.

ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும். அவள் "இன்னும்" என்று கேட்கும்போதே நிறுத்திவிடுங்கள். வாரக்கணக்கில் விளையாடியும் 'ல்', 'ன்' வேறுபாடு கேட்கவில்லை என்றால் அவளைத் திட்டாதீர்கள். அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளைகளுக்குக் காதுக்குள் நீர் கோத்து ஒலி மங்கலாகக் கேட்பதுண்டு. அரசாங்க கிளினிக்கிற்கு அழைத்துப்போய், காதைச் சோதிக்க வேண்டும் என்று கேளுங்கள்.