ஒரே ஒரு எக்ஸான்தான் இல்லை, நோய் மட்டும் ஏன் இவ்வளவு கடுமை?

"என் மகனுக்கு டிஸ்ட்ரோஃபின் மரபணுவில் ஒரே ஒரு எக்ஸான் இல்லை, டூஷென் தசைநோய் என்கிறார்கள். மூன்று எக்ஸான் இல்லாத இன்னொரு பையனுக்கு லேசான பெக்கர் வகையாம். எப்படி?" என்று கேட்டிருக்கிறீர்கள். எக்ஸான் என்றால், புரதம் செய்வதற்கான குறிப்பு எழுதியிருக்கும் மரபணுத் துண்டு.

இதே கேள்வியை என் அக்காவும் கேட்டார். நாங்கள் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறோம். அக்கா மகன் ஐந்து வயதில் தரையிலிருந்து எழும்போது கையை ஊன்றுவான், அப்புறம் முழங்காலைப் பிடிப்பான், பிறகு தொடையைப் பிடித்துத் தன் உடம்பின் மேலேயே ஏறி நிமிர்வான். கெண்டைக்கால் மட்டும் உருண்டு திரண்டிருக்கும். பலசாலிப் பிள்ளை என்று லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், சொல்வார்கள். அவனுக்கும் இல்லாதது 45ஆம் எக்ஸான் ஒன்றுதான்.

செல் மரபணுவை மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கிறது. "மரம் கடல் வயல் பழம்" என்று வைத்துக்கொள்ளுங்கள். கடலை முழுசாக எடுத்தாலும் "மரம் வயல் பழம்" என்று படிக்கலாம். ஒரே ஒரு 'ட' போனால் "மரம் கல்வ யல்ப ழம்". அதற்குப் பிறகு எல்லாமே குளறுபடி. 45ஆம் எக்ஸானில் 176 எழுத்து, மூன்றால் வகுபடாது. 45 முதல் 47 வரை சேர்ந்து போனால் 474, வகுபடும். நீங்கள் சொன்ன அந்தப் பையனுக்கு அநேகமாக இப்படித்தான் இருக்கும். பத்தில் ஒன்பது பேருக்கு இந்தக் கணக்குப் பொருந்துகிறது.

சரி, எழுத்து பிசகினால் தசைக்கு என்ன? அந்த மரபணு உண்டாக்கும் டிஸ்ட்ரோஃபின் என்ற புரதம் லயத்துக் கொடிக்கயிறு மாதிரி. ஒரு முனை தசைக்குள் இருக்கும் ஆக்டின் இழையைப் பிடிக்கும், மறுமுனை செல்லின் மேல்சவ்வில் கட்டியிருக்கும். நடுவில் ஒரு முழம் வெட்டி முடிச்சுப் போட்டாலும் கயிறு துணியைத் தாங்கும். அதுதான் பெக்கர். எழுத்து பிசகினால் செல் பாதியிலேயே 'முற்றுப்புள்ளி' என்று படித்து நிறுத்திவிடும். மறுமுனை உருவாகவே உருவாகாது, அரைகுறைப் புரதத்தையும் செல்லே அழித்துவிடும். பிடிமானம் இல்லாத சவ்வு, தசை சுருங்கும் ஒவ்வொரு தடவையும் கிழியும். கால்சியம் உள்ளே பாயும், சிகே என்ற நொதி ரத்தத்தில் கசியும். செத்த தசை இருந்த இடத்தில் கொழுப்பும் நாரும் சேரும். அக்கா மகனின் கெண்டைக்கால் திரண்டிருந்தது அதனால்தான்.

மரபணுச் சோதனை அறிக்கையில் எத்தனை எக்ஸான் என்பதைவிட எந்த எக்ஸான் என்று பாருங்கள். அந்த எண்ணைப் பத்திரமாக வையுங்கள். பக்கத்து எக்ஸானைத் தாண்டிப் படிக்கவைத்துக் கணக்கைச் சரிசெய்யும் மருந்துகளில் முதலாவதற்கு 2016இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அது 51ஆம் எக்ஸானுக்கானது. எண் தெரியாமல் எந்த மருந்து பொருந்தும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இன்னொன்று. "தாய்வழி தோஷம்" என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால் தயவுசெய்து நம்பாதீர்கள். மூன்றில் ஒரு பிள்ளைக்கு இந்த மாற்றம் புதிதாகவே வருகிறது. அக்காவின் ரத்தத்தைச் சோதித்தார்கள், அவரிடம் அது இல்லை. ஆனாலும் சில தாய்மாரின் கருமுட்டைகளில் மட்டும் அது ஒளிந்திருக்கலாம் என்பதால், அடுத்த பிள்ளைக்கு முன் மரபியல் மருத்துவரைப் பார்க்கச் சொன்னார்கள். நீங்களும் பாருங்கள்.